40 லட்சம் வேலை காலியா?

‘இணையப் பாதுகாப்புத் துறையில் 40 லட்சம் வேலைகள் காலி’ — மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி வரும் வரி. இதைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். ஐஎஸ்சி2 அமைப்பின் 2023 ஆய்வு சொன்னது, உலக அளவில் தேவைப்படும் ஆட்களுக்கும் இருக்கிற ஆட்களுக்கும் உள்ள இடைவெளியை. அது மதிப்பீடுதான், விளம்பரமான காலியிடக் கணக்கு அல்ல. தேவை வேற, வேலை வேற. நிறுவனம் சம்பளம் ஒதுக்கினால்தானே வேலை!

தொடக்கநிலை வேலைக்கே சிஐஎஸ்எஸ்பி சான்றிதழ் கேட்கும் விளம்பரங்களும் உண்டு. இதே அமைப்பு தரும் அந்தச் சான்றிதழுக்கோ ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். பொருத்தமான பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும், அவ்வளவுதான். இப்போதுதான் படித்து முடித்த பிள்ளை எங்கே போவது? இதைக் கேட்காமல், ‘இளையர்கள் முன்வர வேண்டும்’ என்று முடிகிற கட்டுரை, வேலை தேடுபவர் தலையிலேயே பழியைப் போடுகிறது. ஆசிரியர்களே, கருத்துக்கு மதிப்பெண் போடும்போது இதையும் பாருங்க.