பூசணிக்காயில் ஒரு பூதமுகம்

திருஷ்டிப் பூசணியைக் கண்ணேறு கழிக்கும் பொருளாக மட்டுமே பலரும் பார்க்கிறார்கள். அதில் ஓவியரின் கையைக் காண்பவர்கள் குறைவு. பெருநகர், உத்திரமேரூர் வட்டாரத்தில் கட்டி முடியாத வீட்டு முகப்புகளில் கயிற்றில் ஆடும் அந்த பூதமுகம் நின்று ரசிக்கத் தக்கது. வெண்பூசணியின் மேல் படிந்திருக்கும் சாம்பலைத் துடைத்த பின்னரே வண்ணம் ஒட்டும். துடைக்கத் துடைக்க அடியிலிருந்து பச்சை மினுமினுக்கும். காயின் புடைப்பே கன்னமாகிவிடும். வெள்ளையில் முட்டைக் கண், நடுவே கரிய பாவை, நெரித்த புருவம், கோரைப்பல், தொங்கும் சிவந்த நாக்கு. மீசையை ஒரே இழுப்பில் முறுக்கிவிடும் மணிக்கட்டின் உறுதிதான் இதில் உச்சம். வளைந்த பரப்பில் கோடு நடுங்காமல் ஓடுவது எளிதன்று. அச்சுறுத்த வரைந்த முகத்தில் எப்படியோ கொஞ்சம் குறும்பும் வந்து சேர்ந்துவிடுகிறது.

கூதிர் காலத்தை ஒட்டி வரும் ஆயுத பூஜையில் முகம் வரையாத பூசணிக்கும் மதிப்பு. பட்டறை, டிராக்டர், கடைவாசல் என்று சுற்றி, துளையிட்டுக் குங்குமமும் சில்லறையும் இட்டு, கற்பூரம் ஏற்றி உடைப்பார்கள். முற்றிய காய் மந்தமாகப் 'பொத்'தென்று பிளக்க, வெண்சதையில் குங்குமம் ரத்தமாகப் பரவும். மேலைநாடுகளில் அக்டோபர் 31 அன்று பரங்கிக்காயைக் குடைந்து உள்ளே விளக்கேற்றுவார்கள்; இங்கே தூரிகை வெளித்தோலோடு நின்றுவிடுகிறது. வயலில் நிற்கும் பொம்மைக்குப் பூசணியும் வேண்டாம்: வைக்கோல் உடல், பழஞ்சட்டை, கவிழ்த்த கரிச்சட்டி, அதில் சுண்ணாம்புப் புள்ளிகள். மழை கரைத்தால் மறுபடி விரலால் வைத்துவிடலாம்.