‘உன் மகன் எங்கே?’

மதுரைப் படம் என்றால் அருவாள் என்று ஆகிவிட்டது. இருபது ஆண்டுகளாகத் திரையில் நாம் பார்க்கும் மதுரை இளைஞன் பெரும்பாலும் வேலையற்றவன்; நண்பனுக்காக உயிரைக் கொடுப்பவன்; யாரோ ஒரு பெரிய மனிதருக்காகக் கொலை செய்பவன்; கடைசியில் துரோகத்தால் சாகிறவன். இந்தப் படங்களைத் தூக்கியெறியச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவற்றில் சில நல்ல படங்கள். ஒரு பையன் எப்படி வன்முறைக்குள் போகிறான் என்பதை அவை நன்றாகவே காட்டியிருக்கின்றன. போனபின் அது யார் தலையில் விடிகிறது என்று சொல்லும் இடத்தில்தான் எனக்குச் சண்டை.

சசிகுமார் இயக்கி 2008 ஜூலையில் வந்த ‘சுப்பிரமணியபுரம்’ 1980இல் நடக்கிறது. அழகருக்கும் பரமனுக்கும் வேலை இல்லை. அடிதடியில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் வெளியே எடுத்துவிட அதே தெருவில் ஓர் அரசியல் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டு சோமுவுக்குக் கட்சிப் பதவி கைநழுவியதும், அவர் தம்பி கனகு இந்தப் பையன்களிடம் வந்து புலம்புகிறான். கொலை நடக்கிறது. சிறைக்குப் போனவர்களை அவன் எட்டிப்பார்க்கவில்லை. வேறொரு கைதி ஜாமீனில் எடுக்கிறான். அந்த உதவிக்கு விலை இன்னொரு கொலை. ஒருவன் கூலிப்படையாக மாறும் பாதை இதில் படிப்படியாகத் தெரிகிறது. வேலையின்மை ஒரு காரணம். தெருவில் தனக்கொரு மதிப்பைத் தரும் ‘அண்ணன்’ என்ற உறவு இன்னொன்று. மூன்றாவது, ஜாமீன் என்னும் கடன். அதைப் பணத்தால் அடைக்க முடியாது, ரத்தத்தால்தான் அடைக்க வேண்டும்.

இவ்வளவு தெளிவாகப் பேசும் படம் முடியும்போது நமக்குள் என்ன மிஞ்சுகிறது? வகுப்பில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் துரோகி யார் என்று கேட்பேன். முதலில் வரும் பெயர் துளசி. கனகுவின் பெயர் அடுத்து வரும். பணம் வாங்கிக்கொண்டு பரமனைக் காட்டிக்கொடுத்த காசி மூன்றாவது. துளசி சோமுவின் மகள். அவளுடைய காதலைத் தூண்டிலாக வைத்துத்தான் கனகு அழகரைக் கொல்கிறான். அவள் கண்முன்னே கொல்கிறான். சித்தப்பாவும் ஆட்களும் சூழ்ந்த அந்த வீட்டில், வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு என்ன வழி இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அழகரைக் கொலைக்கு ஏவியதும் கைவிட்டதும் ஒரு கட்சிக் குடும்பத்தின் பதவி ஆசை. ஆனால் நினைவில் நிற்பது ‘பொண்ணை நம்பினான், செத்தான்’ என்ற வாக்கியம்.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த அமீரின் ‘பருத்திவீரன்’ இதைவிடக் கொடியது. பருத்திவீரனின் சண்டித்தனத்தைப் படம் முழுக்கச் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். கடைசியில் அவன் செய்தவற்றின் கணக்கெல்லாம் முத்தழகின் உடலில் தீர்க்கப்படுகிறது. கூட்டு வல்லுறவுக்கு ஆளான அவள், தன் உடலைக்கூட ஊர் பார்க்கக் கூடாதென்று, வெட்டிவிடச் சொல்லி அவனிடம் கெஞ்சுகிறாள். பிரியாமணிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த நடிப்பு அது. ஆண் செய்த பாவத்துக்குப் பெண்ணுடல் தண்டனைக்களம் ஆவதைப் படம் கண்டிக்கிறதா, விதி என்று ஏற்றுக்கொள்கிறதா? எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றுகிறது. அவனுடைய துயரத்தைப் பெரிதாக்கத்தான் அவளுடைய மரணம் அங்கே தேவைப்படுகிறது.

‘எங்க ரத்தத்துலயே ஊறியது’ என்ற பெருமைப் பேச்சு இத்தகைய படங்களில் அடிக்கடி வரும். இது நாம் கண்டுபிடித்த பேச்சல்ல. பிறவியிலேயே குற்றவாளிகள் என்று முழுச் சாதிகளுக்கும் முத்திரை குத்திய 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம், பிற்பாடு மதுரையைச் சுற்றியுள்ள கள்ளர் ஊர்களிலும் கைரேகை கேட்டு வந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அன்று அரசு வசையாகச் சொன்னதை இன்று சினிமா பட்டமாகச் சூட்டுகிறது. ரத்தம் காரணமென்றால் வேலை கொடுக்காதவரும் ஏவிவிட்டவரும் தப்பித்துக்கொள்ளலாம்.

திரைக்கு வெளியே என்ன நடக்கிறது? ‘சுப்பிரமணியபுரம்’ வருவதற்கு ஓராண்டு முன்பு, 2007 மே 9 அன்று, அரசியல் வாரிசு பற்றிய ஒரு கருத்துக் கணிப்பு வெளியானதற்காக மதுரையில் ‘தினகரன்’ அலுவலகம் தாக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். 2009இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. சிபிஐயைப் போலவே, இறந்த ஊழியர் ஒருவரின் தாயும் அந்தத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். 2019இல் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பன்னிரண்டு ஆண்டுகள். அந்தத் தாயைப் போன்ற ஒருத்தியை மையமாக வைத்த மதுரைப் படம் எதையும் நான் பார்த்ததில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர்களின் பக்கத்திலும் தாய்மார்கள் உண்டு. 1982இல் வந்த, நாம் ‘குண்டாஸ்’ என்று சொல்லும் சட்டத்தின்படி ஒருவனை விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். அதை எதிர்த்து ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் போடப்படும் ஆட்கொணர்வு மனுக்களைப் பாருங்கள். மனுதாரர் பெயருக்குப் பக்கத்தில் ‘தாய்’, ‘மனைவி’ என்று திரும்பத் திரும்ப வரும். அரசு முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதித்தது, கொடுத்த நகலைப் படிக்க முடியவில்லை என்பன போன்ற காரணங்களால் பல ஆணைகள் ரத்தாகின்றன. வக்கீல் ஃபீஸுக்குத் தோட்டை அடகு வைப்பதும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஜெயிலுக்கு மனு பார்க்கப் போவதும், ‘ரவுடி வீடு’ என்று வாடகை வீடு மறுக்கப்படுவதும், அண்ணன் பெயரைச் சொல்லித் தங்கையின் சம்பந்தம் தட்டிப்போவதும் இந்த வழக்குகளின் பின்விளைவுகள்தாம். ‘கெத்து’ என்ற சொல்லுக்குள் இவை எதுவும் வராது.

புறநானூற்றின் 86ஆம் பாடலைப் பாடியவர் காவற்பெண்டு. உன் மகன் எங்கே என்று கேட்டவளுக்கு, எங்கிருக்கிறானோ தெரியாது, போர்க்களத்தில்தான் இருப்பான் என்று பெருமையோடு பதில் சொல்லும் தாய் அதில் வருகிறாள். ஆண்டுதோறும் இதை வீரத்தாய் என்ற தலைப்பில் பாடமாக நடத்துகிறோம். இதே கேள்வியை நள்ளிரவில் கதவைத் தட்டும் காவலரும் கேட்கிறார். தெரியாது என்ற பதிலும் அதேதான். சங்கத் தாய்க்குப் புகழ் தந்த அந்த விடைக்காக இந்தத் தாய் ஸ்டேஷன் பெஞ்சில் விடிய விடிய உட்கார வேண்டியிருக்கிறது. ஆட்கொணர்வு மனுவில்தான் கேள்வி திசை மாறுகிறது. என் மகன் எங்கே என்று அவள் அரசைக் கேட்கிறாள்.

அந்தக் கேள்வி வீட்டுக்குள் எப்போது கேட்கப்படுகிறது? மகள் கல்லூரி விட்டு அரைமணி நேரம் தாமதமாக வந்தால் நம் வீடுகளில் விசாரணை நடக்கிறது. மகன் இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் மூடிவைத்த சோறு காத்திருக்கிறது. பையன் கெட்டதற்கு அம்மாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதை ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. அவனைக் கேள்வி கேட்கும் அதிகாரத்தை இந்தக் குடும்ப அமைப்பு அவளுக்குத் தரவில்லை என்கிறேன். சோறு போடும் கடமையைக் கொடுத்தது, கணக்குக் கேட்கும் உரிமையை எடுத்துக்கொண்டது. ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான் என்று அவனுக்கு முதல் ஜாமீன் கொடுப்பது வீடு. கனகுகள் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள்.

துரோகத்தின் கதையாகவே இதைச் சொல்லிக்கொண்டிருந்தால், பார்க்கும் பையன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: அடுத்த முறை நம்பகமான அண்ணனைத் தேடு, பெண்ணை நம்பாதே. அண்ணனே வேண்டாம் என்று அவன் நினைக்க வேண்டுமானால் கதை வேறு இடத்தில் தொடங்க வேண்டும். படித்துவிட்டுத் திரிபவனுக்கு ஏன் வேலை இல்லை, அவனைத் தேர்தலுக்குத் தேர்தல் தேடி வருபவர் யார், அவன் உள்ளே போனபின் அந்த வீட்டு அடுப்பை எரிப்பவள் யார் என்று அது கேட்க வேண்டும். மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றே. அடுத்த மதுரைப் படத்தைப் பார்க்கும்போது, அருவாள் உயரும் இடத்திலிருந்து கொஞ்சம் கண்ணை விலக்கி, வாசலில் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். அவளுக்குப் பெயர் உண்டா, எத்தனை நிமிடம் பேசுகிறாள், என்ன இழக்கிறாள் என்று எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பேட்டிலிருந்து உங்களில் ஒருத்தி ஒரு கதை எழுதினால், அதைத்தான் நான் பாடமாக வைக்க விரும்புவேன்.