ஐந்தாவது நோயாளியின் முன்னே நின்றவர்

1817ஆம் ஆண்டு லண்டனில் ஒரு சிறு நூல் வெளியானது. எழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர். நடுக்குவாதம் பற்றிய கட்டுரை என்பது அதன் தலைப்பு. இன்று அவரது பெயராலேயே அழைக்கப்படும் நோயைத் தனியொரு நோயாக வரைந்து காட்டிய நூல் அது. மருத்துவ நூலொன்றைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. நான் அதை ஓர் இலக்கியப் பிரதியாகவே வாசித்தேன். வாசிக்க வைத்தது என் வாப்பாவுக்கு வந்த நோய்.

அந்நூலில் ஆறு நோயாளிகள் வருகிறார்கள். சிலரை அவர் வீதியிலேதான் கண்டார். ஐந்தாமவரைத் தூரத்திலிருந்து பார்த்தது மட்டுமே. அந்த மனிதரால் நடக்க முடியாது, ஓடத்தான் முடியும். அவருக்கு முன்னால் ஒரு பணியாள் நிற்கிறார். இரு கைகளையும் அவரது தோள்களில் வைத்திருக்கிறார். முன்னும் பின்னுமாக மெல்ல அசைந்து நோயாளி நிலைப்பட்டதும், சொல் பிறக்கிறது. அவர் ஓடத் தொடங்குகிறார். பணியாள் சட்டென விலகி முன்னே ஓடுகிறார். இருபது தப்படி தூரத்தில் அவர் விழப்போகும்போது தாங்கிக்கொள்ள வேண்டுமே!

ஒரு சில வரிகள்தான். ஆனால் இந்நோயின் முதல் நூலிலேயே பராமரிப்பவர் வந்துவிட்டார் என்பது கவனத்திற்குரியது. அவரது களைப்பு, பயம், அன்று இரவு அவர் தூங்கினாரா என்பது எதுவும் பிரதியில் இல்லை. வைத்தியரின் கண் நோயாளியில் இருந்தது. அதில் பிழை காண முடியாது. எழுத்தாளர்களாகிய நாம் அந்தப் பணியாளை எங்கே வைத்திருக்கிறோம் என்பதே என் கேள்வி.

அமெரிக்க நாவலாசிரியர் ஜொனத்தன் பிரன்ஸனின் 'த கரெக்ஷன்ஸ்' 2001இல் வெளிவந்து அவ்வருடத்துத் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. ஓய்வு பெற்ற ரயில்வே பொறியியலாளர் அல்பிரட்டுக்குப் பார்க்கின்சன் நோய். கூடவே அறிவும் மங்கி வருகிறது. மனைவி ஈனிட், மூன்று பிள்ளைகளையும் கடைசியாக ஒரு கிறிஸ்மஸுக்கு வீட்டில் ஒன்றுசேர்த்துவிடத் துடிக்கிறாள். பிரன்ஸனின் சொந்தத் தந்தைக்கு இருந்தது அல்ஸைமர் நோய். நாவலில் அவர் பார்க்கின்சனைத் தெரிந்தெடுத்தது வெறும் மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. கட்டளைக்குப் பணியாத கையும் காலும், கட்டளையிட்டே வாழ்ந்த ஒரு குடும்பத் தலைவனுக்கு எத்தகைய தண்டனை என்பதை நாவல் நன்கறிந்திருக்கிறது.

ஆனால் ஈனிட்டை அந்நாவல் பெரும்பாலும் சிரிப்பாகவே பார்க்கிறது. அவளது நச்சரிப்பு, அயலவரைப் பார்த்து ஏங்குவது, நோயை ஒத்துக்கொள்ளாத பிடிவாதம் யாவும் கூர்மையாகப் பதிவாகின்றன. அவளது கைகள் செய்யும் வேலைதான் குறைவாகப் பதிவாகிறது. இதை அந்நாவலின் குறை என்பேன். அதேவேளை இரண்டு இடங்களில் அது உண்மையைத் தொடுகிறது. வாழ்க்கையில் தோற்றுப்போனவன் என்று குடும்பம் கருதும் சிப் என்ற மகன், பண்டிகை முடிந்த பின்னரும் பெற்றோருக்கு உதவியாகத் தங்கிவிடுகிறான். தகப்பன் போன பிறகு எழுபத்தைந்து வயது ஈனிட் தன் வாழ்வில் மாற்றங்கள் செய்யப் போவதாக எண்ணுகிறாள். பராமரிப்பவரின் நெஞ்சில் துக்கத்தோடு விடுதலையும் சேர்ந்தே வரும் என்று எழுத ஒரு துணிவு வேண்டும். எம்மவர் எழுத்தில் அந்தத் துணிவை நான் அதிகம் கண்டதில்லை. பொறுமை, நன்மை என்ற இரு சொற்களோடு நாம் கதையை முடித்துவிடுகிறோம்.

மொஹமட் அலியை எடுத்துக்கொள்வோம். 1984இல் நோய் கண்டறியப்பட்டது. 1996 ஜூலையில் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியபோது நடுங்கிய அவரது கையை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. நம் வீடுகளிலும் பார்த்தார்கள், அழுதார்கள். அந்தக் கை ஒரு குறியீடாகிவிட்டது. ஆனால் 1986இல் அவரைத் திருமணம் செய்து, 2016இல் அவர் மறையும் வரை முப்பது வருடங்கள் உடனிருந்த லொனி பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு வரி எழுதினோம்?

இவ்வளவும் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்பதையும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன்னர் வாப்பாவின் நடுங்கும் கை பற்றி ஒரு கவிதை எழுதினேன். அந்தக் கையில் யுத்தம் இருந்தது, இழந்த வயல் இருந்தது, ஒரு சமூகத்தின் பதற்றமே இருந்தது. ஓர் இலக்கியச் சந்திப்பில் வாசித்தேன், பாராட்டினார்கள். வீட்டில் உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். உம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு மகன். நடுக்கத்த எழுதியிருக்கீங்க. வாப்பா நடுங்காம இறுகிப்போற ராவுகள் இதில எங்க?"

நான் பதில் சொல்லவில்லை. இறுகிப்போன உடலைக் கட்டிலில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பிவிட ராவைக்கு மூன்று நான்கு தடவை எழும்பியவர் அவர். அடுத்த அறையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

குளிசை நேரத்துக்குப் பாங்கை நம்ப முடியாது என்று கண்டுபிடித்தவரும் உம்மாதான். பாங்கு நேரம் வருடத்தில் முன்பின்னாக நகரும். லெவோடோபா குளிசை நகரக் கூடாது. எனவே மணிக்கூட்டைப் பார்த்தார். இறைச்சி, மீன் போன்ற புரதச் சாப்பாட்டோடு விழுங்கினால் மருந்து சரியாகச் சேராது என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து, சோற்றுக்கு அரை மணித்தியாலம் முன்பே குளிசை கொடுத்தார். வாப்பா வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். இழுத்தால் விழுவார். உம்மா தன் காலை அவருக்கு முன்னே குறுக்காக வைத்து, "இஞ்ச பாருங்க, இதத் தாண்டுங்க" என்பார். தாண்டிவிடுவார். பள்ளிவாசலில் ஸப்புக் கோடுகளின் மேல் அவர் தடங்கலின்றி நடந்ததன் காரணமும் அதுதான்: கண்ணுக்கு முன் தாண்ட ஒரு கோடு இருந்தால் உறைந்த கால் அசையும். இயன்மருத்துவர்கள் இதைப் பயிற்சியாகவே கற்பிக்கிறார்கள். உம்மாவுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

பார்க்கின்சனின் நூலைப் பின்னர் வாசித்தபோது ஐந்தாவது நோயாளியின் முன்னே நின்றவரை நான் உடனே அடையாளம் கண்டது இதனால்தான்.

என் கவிதை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது அவசரப்பட்டது. ஒரு மனிதனின் கையைப் பார்த்த மாத்திரத்தில் அதைச் சமூகமாக்கிவிட்டது. குறியீட்டுக்குத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் தேவையில்லை, மனிதனுக்குத் தேவை. பிரன்ஸன் ஈனிட்டைப் பார்த்துச் சிரித்தார் என்றேன். சிரிக்கவாவது அவளைப் பார்த்தார். நான் உம்மாவைப் பார்க்கவே இல்லை.

வாப்பா மௌத்தாகிச் சில வருடங்களாகின்றன. உம்மா இப்போதும் நடுராவில் எழும்பி உட்காருகிறார். அந்தக் கவிதையை அடுத்த தொகுப்பில் சேர்க்கும்படி நண்பர்கள் கேட்கிறார்கள். சேர்ப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன், அந்த ராவுகளையும் எழுதி முடிக்கும் வரை.