விதியை மாற்றலாமா?

சதுரங்கப் பலகையின் முன் உட்கார்ந்தவர்கள் ஆடியதில் பாதி நேரம், விதியைப் பற்றிச் சண்டை போட்டதில் பாதி நேரம் என்பது பழைய திண்ணைகளை அறிந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. சிப்பாய் முதல் முறை ஒரு கட்டம்தான் போகலாமா, இரண்டு கட்டம் போகலாமா? கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் என்னவாக மாறும்? படையெல்லாம் மாண்டு ராஜா மட்டும் தனியாக நின்றால் அது தோல்வியா, சமமா? ஊருக்கு ஊர் ஒவ்வொரு பதில். பதிலுக்கு ஏற்றபடி குரலும் உயரும்.

சர்வதேச விதி வந்து நிலைத்த பிறகு இந்தச் சர்ச்சை அடங்கிற்று. இப்போது மறுபடியும் கிளம்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் மயிலாப்பூரிலோ, தியாகராய நகரிலோ, அடையாற்றிலோ குழந்தைகளுக்கான போட்டி நடக்கும் ஒரு பள்ளிக்கூட வாசலில் சற்று நேரம் நின்றால் போதும். உள்ளே குழந்தைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். வெளியே பெற்றோரும் பயிற்சியாளர்களும் பழைய ஆட்டக்காரர்களும் சதுரங்கத்தையே திருத்திக்கொண்டிருப்பார்கள். காஸ்லிங் இனி வேண்டுமா? பின்வரிசைக் காய்களைக் கலைத்து வைத்து ஆடினால் என்ன? விவாதத்தின் சாரம் இந்த இரண்டும்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. காஸ்லிங் என்பது, ராஜா பக்கவாட்டில் இரண்டு கட்டம் நகர, மூலையில் இருக்கும் யானை அவனைத் தாண்டி வந்து மறுபுறம் காவல் நிற்பது. ஒரே முறையில் தன் காய்கள் இரண்டை நகர்த்தும் சலுகை ஆட்டக்காரனுக்கு வேறெங்கும் கிடையாது. முன்னாள் உலக சாம்பியனான ருஷ்யர் விளாடிமிர் கிராம்னிக் 2019ல் இந்தச் சலுகையை எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். ராஜாவுக்கு ஒளிந்துகொள்ள இடம் இருப்பதால்தான் ஆட்டம் மந்தமாகிறது என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே டீப்மைண்ட் நிறுவனத்தாருடன் சேர்ந்து, ஆல்பாஸீரோ என்ற கணினி நிரலைக்கொண்டு ஒன்பது வகை விதி மாற்றங்களைச் சோதித்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளியிட்டார். பின்வரிசையைக் கலைக்கும் யோசனை இதற்கும் முந்தியது. பாபி பிஷர் 1996ல் பியூனஸ் அயர்ஸ் நகரில் அறிவித்தது அது. பின்வரிசைக் காய்கள் 960 விதமாக அமையலாம். எது என்று அன்றைக்குச் சீட்டுக் குலுக்கித்தான் தெரியும்.

இவர்களுடைய குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. 2018ல் லண்டனில் கார்ல்ஸனும் கருவானாவும் உலகப் பட்டத்துக்காக ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களும் சமமாகவே முடிந்தன. கடைசியில் வேகமான ஆட்டங்கள் வைத்துத்தான் வெற்றியை நிர்ணயிக்க வேண்டியிருந்தது. முதல் பதினைந்து, இருபது நகர்த்தல்கள் வரை கணினி சொன்னதை ஒப்பிப்பதுதான் ஆட்டம் என்றாகிவிட்டால், இருவர் எதிரெதிரே உட்காருவானேன்?

ஆனால் கிராம்னிக் கோஷ்டியார் சோதித்த ஒன்பது மாற்றங்களின் பட்டியலைப் பார்க்கும்போது ஒரு தமிழ் வாசகனுக்குச் சிரிப்பு வராமல் இராது. அதில் ஒன்று, காஸ்லிங் கூடாது என்பது. இன்னொன்று, சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரலாம் என்பது. இரண்டும் நம் தேசத்துப் பழைய ஆட்டத்தின் விதிகள்! நம் சதுரங்கத்தில் காஸ்லிங் கிடையாது. அதற்குப் பதிலாக, இன்னும் 'செக்' வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப்போல் தாவித் தப்பிக்கலாம். சிப்பாய் ஒரு கட்டம்தான் போகும். கடைசி வரிசையை அடைந்தால் இஷ்டப்படி ராணியாகிவிட முடியாது; எந்த இடத்தில் ஏறினானோ அந்த இடத்துக்குரிய காயாகத்தான் மாறுவான். திண்ணையில் இருந்ததை ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

'பார்த்தீர்களா, நம் முன்னோர் விதியே சிறந்தது!' என்று மார்தட்டப் புறப்படும் கட்சி ஒன்று இங்கே உண்டு. அவர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும். நம் விதி குறைவானது என்பதனால் அது போகவில்லை என்பது வாஸ்தவம். அந்த விதியில் பழகிய மூளை எவ்வளவு வலிமையுடையது என்பதற்கு மீர் சுல்தான் கான் ஒருவரே போதும். பஞ்சாபிலிருந்து போன அந்த மனிதர், நம் நாட்டு ஆட்டத்தில் வளர்ந்து, மேல்நாட்டு விதியைப் பிற்பாடு கற்று, 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 2024ல், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், சர்வதேச சம்மேளனம் கிராண்ட்மாஸ்டர் கௌரவம் அளித்தது. அவருக்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்பவர் காக்ரன் என்ற ஸ்காட்லாந்துக்காரருடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். சிப்பாயை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் பழகிய அவருடைய பாணியின் ஞாபகமாகத்தான் 'இந்தியன் டிபன்ஸ்' என்ற பெயர் இன்றும் உலகப் புத்தகங்களில் இருக்கிறது.

பின் ஏன் நம் விதி போயிற்று? ஆட்சி மாறியது ஒரு காரணம். சத்யஜித் ராய் 1977ல் எடுத்த 'சத்ரஞ்ச் கே கிலாரி' படத்தில், 1856ஆம் ஆண்டு லக்னோவில் இரண்டு ஜமீன்தார்களுக்கு ஆங்கிலேயரின் சதுரங்க விதியை ஒருவர் விளக்குகிறார். சிப்பாய் இரண்டு கட்டம் போகும், ஆட்டம் சீக்கிரம் முடியும் என்கிறார். அந்த வேகத்தில் அயோத்தி ராஜ்யமே கைமாறப் போகிறது என்பதைப் பார்ப்பவர்கள் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் இது பாதிக் கதைதான். 1814லேயே பம்பாயில், திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்ற பண்டிதர் நம்முடைய சதுரங்கப் புதிர்களை ஐரோப்பிய விதிக்கு ஏற்ப மாற்றி ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டார். தம் வித்தையைப் பிறரும் படித்து ரசிக்கவேண்டுமானால் பொதுவான விதி வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

என் எண்ணத்தில் விஷயத்தின் மையம் இதுதான். ஒரு விதியின் முதல் குணம் அழகோ பழமையோ அல்ல. அது எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது. 1961ல் மானுவேல் ஆரன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1972ல் ஆழ்வார்பேட்டையில், அன்று சோவியத் பண்பாட்டு நிலையமாக இருந்த இடத்தில், தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். ருஷ்யப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத சிறுவன்கூட அதில் அச்சாகியிருந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்துவிடலாம். பாஷை வேறு, விதி ஒன்று. அங்கே வந்து ஆடிய சிறுவர்களில் ஒருவரான விசுவநாதன் ஆனந்த் 1988ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதுச் சென்னைப் பையன் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் அந்தப் பொது விதியின் பயன்தான். தெருவுக்கு ஒரு விதி இருந்திருந்தால் தெருவுக்கு ஒரு சாம்பியன் இருந்திருப்பான்; அடுத்த தெரு அவனை ஒப்புக்கொண்டிராது.

அப்படியானால் விதியை மாற்றவே கூடாதா? யார் சொன்னது! 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் ராணிக்கு இன்றைய வல்லமையைக் கொடுத்தபோது பழைய ஆட்டக்காரர்களின் பாடமெல்லாம் ஒரே தலைமுறையில் வீணாகியிருக்கும். ஆனாலும் எல்லோரும் ஏற்றார்கள்; எல்லோருக்கும் ஆட்டம் விறுவிறுப்பாயிற்று. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, மாற்றம் பழையதா புதியதா என்பதல்ல. யாருடைய குறைக்காக மாற்றுகிறோம் என்பதே.

இதற்குச் சமீப காலத்தில் இரண்டு பாடங்கள் உண்டு. ஐம்பது நகர்த்தல்களுக்குள் வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லையென்றால் சமம் கோரலாம் என்பது பழைய விதி. சில அபூர்வமான முடிவாட்டங்களில் வெற்றிக்கு அதற்கு மேலும் தேவை என்று கணினி காட்டவே, 1980களில் அவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். எந்த முடிவாட்டத்துக்கு எந்த எண்ணிக்கை என்ற கணக்குப் பெருகிற்று. 1992ல் எல்லாவற்றுக்கும் ஐம்பதே என்று திரும்பி வந்தார்கள். இரண்டாவது, 2017 ஜூலையில் வந்த புதிய பதிப்பு. ஒரே நகர்த்தலை இரு கைகளால் செய்தால் அது விதிமீறல் என்றார்கள்; இரண்டாம் முறை விதி மீறினால் ஆட்டமே போய்விடும். வேகப் போட்டிகளில் பெரியவர்கள் செய்யும் கைஜாலத்துக்கு அது மருந்து. ஆனால் யானையை ஒரு கையிலும் ராஜாவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு காஸ்லிங் செய்கிற ஏழு வயதுக் குழந்தைக்கும் அதே மருந்தைப் புகட்டவேண்டியதாயிற்று. ஆறு மாதத்தில், 2018 ஜனவரியில், அந்தப் பதிப்பைத் திருத்த நேர்ந்தது.

இன்றைய யோசனைகளும் இந்த வகையைச் சேர்ந்தவை என்றே தோன்றுகிறது. சமமாக முடியும் ஆட்டங்களைப் பற்றிய அலுப்பு உலகின் உச்சியில் இருக்கும் ஐம்பது, அறுபது பேருடையது. அடையாற்றுப் பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பதாவது பலகையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த வியாதி இல்லை. அவள் ஆட்டத்தில் வெற்றியும் தோல்வியும் தாராளமாகவே நிகழ்கின்றன. மருந்தும் அப்படியொன்றும் கேட்டுவிடவில்லை. 2021 ஜூலையில் டார்ட்மண்ட் நகரில் ஆனந்தும் கிராம்னிக்கும் காஸ்லிங் இல்லாமல் நான்கு ஆட்டங்கள் ஆடினார்கள். முதல் ஆட்டத்தை ஆனந்த் வென்றார். மற்ற மூன்றும் சமம்!

மனப்பாடம் என்ற குற்றச்சாட்டு மட்டும் கனமானது. பயிற்சிக்குப் பணம் கட்டும் குடும்பங்கள் அதன் பாரத்தை அறியும். எட்டு வயதில் வாய்ப்பாடு மாதிரி தொடக்க ஆட்டங்களை உருப்போடும் குழந்தை, எதிராளி வரிசை மாறி ஒரு காயை நகர்த்தினால் விழிக்கிறது. இதைத் தீர்க்கப் பின்வரிசையையே கலைத்துவிடலாம் என்கிறவர்களை மயிலாப்பூர் சபா ஒன்றுக்கு அழைத்துப்போகத் தோன்றுகிறது. அங்கே கீர்த்தனை மனப்பாடம்தான். எல்லோருக்கும் தெரிந்த கீர்த்தனை அது. அதைப் பாடி முடித்து, நிரவலுக்கும் கல்பனை ஸ்வரத்துக்கும் வரும்போதுதான் பாடகர் யார் என்று தெரிகிறது. கீர்த்தனையை எல்லோரும் ஒரே மாதிரி பாடுகிறார்கள் என்பதற்காக யாரும் கீர்த்தனையை ஒழிக்கச் சொல்லவில்லை. பாடம் பண்ணியதோடு நின்றுவிட்ட சிஷ்யன் இருந்தால் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் குறை சொல்கிறோம்.

ஆகவே, கலைத்து வைத்த வரிசையில் ஆடுவதை நான் எதிர்க்கவில்லை. ஒப்பிப்பதற்கு ஒன்றுமில்லாத நிலையில் குழந்தையை உட்கார்த்தி யோசிக்க வைப்பதற்கு அதைவிட நல்ல அப்பியாசம் கிடையாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் அதற்குக் கொடுக்கலாம். இன்னொரு மணி நேரம், தாவும் ராஜாவும் ஒரு கட்டச் சிப்பாயும் உள்ள நம் பழைய ஆட்டத்துக்கும் கொடுக்கலாம். அந்த விதிகளை ஆடித் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது கிராம்னிக்கின் பட்டியலைப் படிப்பதைவிட அவசரமான காரியம். தனிப் போட்டிகளும் நடக்கட்டும். ஆனால் பட்டம் கொடுக்கும் போட்டியின் விதியைச் சலிப்புக்காகப் பிளக்கக் கூடாது. ஒன்றாக இருக்கும் விதியைப் பெறுவதற்கு இந்த ஊர் தன் சொந்த விதியையே விலையாகக் கொடுத்திருக்கிறது.

மன்னார்குடிக்கு அருகே திருப்பூவனூரில் சிவபெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். யாராலும் வெல்ல முடியாத ராஜகுமாரி ராஜராஜேசுவரியோடு கிழவர் வேடத்தில் வந்து சதுரங்கம் ஆடி ஜயித்து, அவளை மணந்தார் என்பது ஸ்தல புராணம். ராஜா தாவினானா, சிப்பாய் எத்தனை கட்டம் போனான் என்ற விவரமெல்லாம் அந்தக் கதையில் இல்லை. ஆட வந்தவர் கடவுளே ஆனாலும் ராஜகுமாரிக்கு இருந்த விதிதான் அவருக்கும் இருந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவள் தோல்வியை ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.