விடியலைக் காட்டாத நாவல்கள்

முற்போக்கு இலக்கியம் பற்றிப் பேசுவோரிடையே ஓர் எதிர்பார்ப்பு நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. நாவலின் இறுதி ஏட்டில் கீழ்வானம் சிவக்க வேண்டும். ஒடுக்கப்பட்டவன் நிமிர்ந்து நிற்க வேண்டும். அவ்வாறு முடியாத நாவலை நம்பிக்கை வறட்சியின் விளைவென்று ஒதுக்குவோர் இன்றும் உளர். இவ்வளவுகோல் சரியானதுதானா என்று உரைத்துப் பார்க்க, மெக்சிக்கோ நாட்டு நாவல்கள் நமக்குப் பெரிதும் உதவுகின்றன.

மெக்சிக்கோவில் விடியல் வந்தது. 1910இல் புரட்சி வெடித்தது. 1917ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, நிலத்தின் மூல உரிமை தேசத்துக்கே உரியது என்று முழங்கிற்று. ஆயின் உழவர்க்கு நிலம் கேட்டுப் போராடிய சப்பாட்டா 1919இல் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். பண்ணை நிலங்கள் பேரளவில் பங்கிடப்படுவதற்கு, கார்தெனாஸ் ஆட்சி செய்த 1934–1940 காலம்வரை மக்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டத்துக்கும் வயலுக்கும் இடையேயுள்ள இந்தத் தூரந்தான் மெக்சிக்க நாவலின் விளைநிலம்.

புரட்சிப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய மரியானோ அசுவேலா, 1915இல் 'அடிநிலை மக்கள்' என்ற நாவலை எழுதினார். எதற்காக இன்னும் போர் என்று மனைவி கேட்கிறாள். நாயகன் ஒரு கல்லைப் பள்ளத்தில் வீசி, அது உருண்டுகொண்டே போவதைக் காட்டுகிறான். வேறு விடை அவனிடம் இல்லை. புரட்சி நடந்துகொண்டிருக்கும்போதே அதன் திசையைக் கேள்விக்குள்ளாக்கிய துணிவு இது.

ஹுவான் ருல்ஃபோவின் 'பெத்ரோ பராமோ' 1955இல் வெளிவந்தது, தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. இறந்தோர் பேசும் ஊரைக் காட்டுவதால், இதனை மாயக் கதையென்று வியந்து அப்பாற் செல்வோர் பலர். நாமோ இதனை ஒரு காணிக் கணக்காகப் படிக்கலாம் என்போம். பராமோ தான் பட்ட கடனைத் தீர்க்கக் கடன் கொடுத்த குடும்பத்துப் பெண்ணை மணக்கிறான். எல்லைத் தகராறு செய்தவனைக் கொல்விக்கிறான். புரட்சிக்காரர் வந்தபோது பணமும் ஆளும் தருவதாகச் சொல்லித் தன் ஆளையே அவர்களுக்குத் தலைவனாக்குகிறான். அவன் கை கட்டி இருந்துவிட்டபோது ஊர் பட்டினியால் அழிகிறது. அங்கே ஆவிகள் பேசுவது, உயிரோடு இருந்தபோது அவர்கள் பேச முடியாமற் போனதாலன்றோ?

அவரே எழுதிய சிறுகதையொன்றில், துப்பாக்கியும் குதிரையும் பறிக்கப்பட்ட உழவர்கள் நால்வர் தமக்கு 'வழங்கப்பட்ட' நிலத்தின் வழியே நடக்கின்றனர். அது புல்லும் முளைக்காத கட்டாந்தரை. முறையிட்டால் எழுத்தில் தரும்படி அதிகாரி சொல்கிறான். நிலச் சீர்திருத்தம் பற்றிய அறிக்கைகள் மறைத்ததை இச்சிறுகதை காட்டிவிடுகிறது.

ரொசாரியோ காஸ்டெல்லானோஸின் 'பாலூன் கனான்' (1957) ஆசிரியர்கள் கட்டாயம் படிக்கத்தக்கது. பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டுமென்று சட்டம் பண்ணையாரைப் பணிக்கிறது. அவரோ பிள்ளைகளின் மொழியே அறியாத தம் உறவினன் ஒருவனை ஆசிரியனாக இருத்திவிடுகிறார். சட்டம் நிறைவேறிற்று, கல்வி நிகழவில்லை. கார்லோஸ் ஃபுவென்டெஸ் 1962இல் எழுதிய 'ஆர்த்தேமியோ குரூஸின் மரணம்' இதன் மறுபக்கம். புரட்சிப் போர்வீரன் ஒருவன் பண்ணையாரின் மகளை மணந்து, நிலத்தையும் செய்தித்தாளையும் உடைமையாக்கிக் கொண்டு, மரணப் படுக்கையில் தன் வாழ்வைக் கணக்குப் பார்க்கிறான்.

கொட்டியாரக் குடாவின் கரையில், மூதூரில் இருந்து இவற்றைப் படிப்பவனுக்கு இவை தொலைதேசக் கதைகளாகத் தோன்றா. 2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூர் மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய் நோக்கி ஓடினர். 2007இல் சம்பூர்ப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. காணிகள் மீளக் கிடைக்கத் தொடங்கியது 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே. போர் முடிந்தது 2009இல். காணியின் கதையோ அதனோடு முடிந்துவிடவில்லை. காணி யாருடையது, உறுதிப் பத்திரம் எங்கே, எல்லைக்கல்லை நட்டது யார் என்ற கேள்விகளும், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வயல்களில் மீண்டும் எவ்வாறு உழுவர் என்ற கேள்வியும் அதன் பின்னரே எழுகின்றன.

இந்த உடைமைக் கேள்வி நம் எழுத்துக்குப் புதிதன்று. மூதூரின் மைந்தரான வ. அ. இராசரத்தினம், 'தோணி' என்னும் கதையில், சொந்தத் தோணி ஒன்றுக்காக ஏங்கும் ஏழை மீனவனின் உள்ளத்தைக் காட்டினார். அக்கதையின் பெயரையே தாங்கிய தொகுதி 1962இல், ஃபுவென்டெஸின் நாவல் வந்த அதே ஆண்டில், வெளிவந்தது. ஒருவரையொருவர் அறியாத இருவர், உழைப்பவனுக்கும் உழைப்புக் கருவிக்கும் இடையேயுள்ள பிளவையும், அப்பிளவின் மீது எழும் செல்வத்தையும் இரு கரைகளிலிருந்து எழுதினர்.

ஆகவே, விடியலைக் காட்டாமை ஒரு நாவலைப் பிற்போக்காக்கிவிடாது. வெற்றி விழா முடிந்தபின், பந்தலைப் பிரித்தபின், நிலம் யார் கைக்குப் போயிற்று என்று கேட்பதும் மக்கள் பக்கம் நிற்பதேயாகும். கேளாமல் விட்டால் அக்கேள்வியை இறந்தோர்தாம் கேட்க வேண்டிவரும் என்பதே ருல்ஃபோ நமக்குச் சொல்லும் பாடம். மாணவர்களிடம் ஒரு நாவலைக் கொடுக்கும் ஆசிரியர், அதன் முடிவில் சூரியன் உதிக்கிறதா என்று வினவுவதை விட்டு, அதன் வயல்கள் யாருடையவை என்று வினவட்டும். இலக்கியத் திறனாய்வு அவ்வினாவிலிருந்து தொடங்குமாயின், நம் மண்ணின் நாவலும் அதே வினாவிலிருந்து பிறக்கும்.