சம்பந்தி, சகலை, ஸ்பானிஷ்

ஆளுக்கு ஆள் அறிமுகம் செய்துவைக்க ஸ்பானிஷ் மாதிரி ஒரு பாஷை கிடையாது. கொடுங்கையூர் வீட்டு மொட்டை மாடியில் நின்று கத்திச் சொல்வேன். அம்மாவின் சம்பந்தியை இங்கிலீஷில் காட்டவேண்டுமென்றால் வம்சாவளியே ஒப்பிக்கணும். ஸ்பானிஷில் பெண்ணென்றால் 'கொன்சுவேக்ரா', ஆணென்றால் 'கொன்சுவேக்ரோ', அவ்வளவுதான். சகலைக்கும் சொல் இருக்கிறது. மெக்சிகோவில் 'கொன்கூஞ்யோ' என்பார்கள்.

தங்கச்சி வளைகாப்புக்கு அண்ணனோடு வேலை பார்க்கும் மெக்சிகோப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். அண்ணனுக்குக் கார் ஏற்றுமதி வேலை. (2014-ல் ஹூண்டாய் மெக்சிகோவில் இறங்கியபோது கொண்டுபோன கார்களில் ஒன்று நம்ம பக்கத்தில் செய்த கிராண்ட் ஐ10. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.) ஆயாவைத்தான் முதலில் காட்டினேன். மகளிடம் "தே ப்ரெசெந்தோ ஆ மி அபுவேலா." அவள் அம்மாவிடம் அதே வாக்கியம், ஆனால் 'தே' போய் 'லே' வந்துவிடும். நீ, நீங்க வித்தியாசம் அங்கேயும் உண்டு! நடுவில் வரும் அந்த 'ஆ' இன்னும் அழகு. நாம் தோசை சாப்பிட்டேன் என்போம், ஆயா பார்த்தேன் என்போமா? ஆயாவை என்றால்தானே சரி. மனுஷருக்கென்று அவர்களும் அப்படி ஒரு எழுத்தை வைத்திருக்கிறார்கள்.

"முச்சோ குஸ்தோ" என்றார் அந்த அம்மா. உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று அர்த்தம். ஆயா காதில் குஸ்தி என்று விழுந்துவிட்டது. "இந்த வயசுல யாரோடம்மா?" என்றாள்.

மெக்சிகோவில் அறிமுகமானதும் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு முத்தம். ஸ்பெயின் என்றால் இரண்டு. தங்கச்சி கன்னத்திலோ அத்தைமார் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. ஒட்டி எடுத்ததில் விருந்தாளி கன்னமும் மஞ்சளாகிவிட்டது. அவள் துடைக்கவே இல்லை, சாப்பாட்டுப் பந்தி வரை அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு முந்தின நாளே ஒரே ஒரு சொல் சொல்லிக்கொடுத்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவைக் கைபிடித்து இழுத்துவந்து, "மி கொன்சுவேக்ரா" என்றாள் பாருங்கள்! மெக்சிகோக்காரம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவருக்கும் ஒரு சம்பந்தி இருக்கிறாராம், கொஞ்சம் கறாராம். அடுத்த அரைமணி நேரம் மூவருக்கும் நான்தான் துபாஷி.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் அந்தப் பெண்ணுக்கும் மாதாவின் பெயர். ஒரே பெயர்க்காரர்களை ஸ்பானிஷில் 'தொகாயா' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், ஆண்கள் 'தொகாயோ'. சொன்னதுதான் தாமதம், இரண்டு தொகாயாக்களும் ஆளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்கள்.

என் சகலை மட்டும் கொஞ்சம் ஓவர். அன்றிலிருந்து போனை எடுத்தாலே "ஓலா, கொன்கூஞ்யோ" என்கிறார். கடன் கேட்கும்போதும் அதேதான்.