தேவைப்படும் நாளில் செத்துப்போகும் பத்திரம்

எழுபது வயசில் என் பெரியப்பா மகனுக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்தார். "நாளைக்கு நான் படுத்துட்டா எல்லாத்தையும் இவன் பார்த்துக்கணும்" என்பதுதான் அவர் கணக்கு. பதிவும் செய்தாச்சு. மூன்று வருஷம் கழித்து பக்கவாதம் வந்தது, நினைவு திரும்பவில்லை. ஆஸ்பத்திரி செலவுக்கு அவர் பணத்தை எப்படி எடுப்பது என்று அண்ணன் கேட்டபோது வக்கீல் சொன்னார்: "அவருக்கு நினைவு போன அன்னைக்கே இந்தப் பத்திரமும் போச்சு தம்பி."

வக்கீல் சொன்னது சரிதான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201-ன்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துபோகும். முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தால்தான் விதிவிலக்கு. பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வெளிநாடு போகிறவருக்குப் பவர் உதவும். ஐசியூவுக்குப் போகிறவருக்கு உதவாது.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் காமன் காஸ் வழக்கின் தீர்ப்பை எடுத்து உட்கார்ந்தேன். 2005-ல் போட்ட மனு. 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஐந்நூறு பக்கத்துக்கு மேல். கண்ணியத்தோடு சாவதும் 21-ஆவது பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும் என்று நிறுவுகிற பகுதிகள் உண்மையிலேயே பெரியவை. லிவிங் வில் எழுதும் வழி நமக்குக் கிடைத்ததும் இதில்தான்.

என் குறை வேறு இடத்தில். நம் விருப்பம் என்ன என்பதைப் பற்றி அத்தனை பக்கம் பேசும் தீர்ப்பு, நமக்காகப் பேசப்போகிறவரை ஒரு விதிமுறையோடு முடித்துவிடுகிறது. பத்திரத்தில் ஒரு பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினர் பெயரைக் குறிப்பிட வேண்டும். எழுதியபடி சிகிச்சையை மறுக்கவோ நிறுத்தவோ அவர் சம்மதம் தரலாம். அவ்வளவுதான் அவர் அதிகாரம். அதுவும் மீள வழியில்லாத கட்டத்தில் மட்டும். பெரியப்பா மாதிரி சாகவும் இல்லாமல் எழவும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடப்பவருக்கு எந்த சிகிச்சை, எந்த ஊர், எவர் காசு என்று முடிவெடுக்க அந்தப் பெயர் உதவாது.

2023 ஜனவரியில் இதே வழக்கில் விதிமுறைகளைத் திருத்தினார்கள். முன்பு இரண்டு சாட்சிகளோடு மாஜிஸ்திரேட் கையெழுத்தும் வேண்டும், யார் போவார்கள்? இப்போது நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும். மருத்துவர் குழுவில் இருக்க இருபது வருஷ அனுபவம் கேட்டது ஐந்தாகக் குறைந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பாதுகாவலரையும் குறிப்பிடலாம். நல்ல திருத்தங்கள்தான். ஆனால் சரிசெய்தது வாசலை மட்டும். உள்ளே அந்தப் பாதுகாவலர் கையில் இன்னும் ஒரே சாவிதான்.

பணத்துக்கு என்ன வழி? கோமாவில் இருக்கும் பெரியவருக்குப் பாதுகாவலரை நியமிக்க நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போகணும். 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கென வழிமுறைகளே வகுத்தது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்தவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. அதுவும் முதலில் மனு தள்ளுபடியாகி, மேல்முறையீட்டில். கணவரின் சிகிச்சைக்குக் கணவரின் சொத்தையே விற்க, மனைவி இரண்டு தடவை கோர்ட்டு வாசல் ஏறணும்.

நம் ஒப்பந்தச் சட்டத்துக்கு வேரான இங்கிலாந்தில் இந்த விதியை 1985-லேயே மாற்றிவிட்டார்கள். நினைவு போன பிறகும் நிலைக்கும் பவர் அங்கே வந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று என இரண்டு வகையாக எழுதலாம். உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கும் அதிகாரம் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் குறிப்பிட்டுக் கொடுக்கணும். இங்கே நாம் அந்தப் பழைய விதியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம். நீதிமன்றம் சட்டம் இயற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாராளுமன்றத்தைப் பார்த்து "இந்த இடம் காலியாக இருக்கிறது" என்று அத்தனை பக்கத்தில் அழுத்தமாக ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

அதுவரை என்ன செய்வது? லிவிங் வில் எழுதுங்கள், அரைகுறையானாலும் அது செல்லும். நாமினி போட்டாச்சு என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது இறந்த பிறகுதான் பேசும். நம்பிக்கையான ஒருவரோடு, இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்கு ஒன்று வையுங்கள். பெரியப்பா அது ஒன்றைச் செய்திருந்தால், அண்ணன் அந்த வாரம் கடனுக்கு அலைந்திருக்க மாட்டான்; அப்பா பக்கத்தில் இருந்திருப்பான்.